வீட்டுப் பத்திரத்தைப் படிப்பது எப்படி? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஊரில் அப்பா கட்டிய வீட்டை விற்று, அந்தப் பணத்தில் சென்னைப் புறநகரில் ஒரு பழைய தனி வீடு வாங்கினோம். விற்பவராகவும் வாங்குபவராகவும் ஒரே சமயத்தில் அலைந்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். இது தமிழ்நாட்டு நடைமுறை. வேறு மாநிலத்தில் காகிதங்களின் பெயரே மாறும்.

புரோக்கர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "டைட்டில் கிளியர் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் பார்த்திருப்பது பெரும்பாலும் கடைசிப் பத்திரத்தின் முதல் பக்கம் மட்டும்தான். வக்கீலிடம் கொடுத்துவிட்டோமே என்று நீங்களும் சும்மா இருக்க முடியாது. கையில் கொடுத்த காகிதங்களுக்குத்தான் அவர் கருத்து எழுதுவார். எது வரவில்லை என்று கவனிக்க வேண்டியவர் நீங்கள்.

1. முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய நகல்கள்

விற்பவரின் பெயரில் உள்ள பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா, கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எண், மனைப்பிரிவு அனுமதி, கட்டட அனுமதி வரைபடம். வீட்டின் மேல் கடன் இருந்தால் எந்த வங்கி, எவ்வளவு பாக்கி என்பதற்கு ஒரு கடிதம். இவற்றின் ஜெராக்ஸ் வந்த பிறகு வீட்டை இரண்டாவது முறை பார்க்கப் போனால் போதும்.

ஒரிஜினலை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் பேச்சை எடுக்காதீர்கள். "லாக்கரில் இருக்கு", "அண்ணன் பெங்களூரில் வைத்திருக்கிறான்" என்றால், வரட்டும், பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரிஜினலை எங்கோ அடகு வைத்துவிட்டு கலர் ஜெராக்ஸைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முத்திரைத்தாளைக் கையில் எடுத்து, பின்பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலக முத்திரையும் ஆவண எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. ஈசியை நீங்களே போட்டுப் பாருங்கள்

வில்லங்கச் சான்று, அதாவது ஈசி, பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கும். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்று கொடுத்தால் வந்துவிடும். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் மனு கொடுத்து மேனுவல் ஈசி வாங்க வேண்டும். அது அன்றே கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

சான்றில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண், ஆண்டு, தேதி, ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சொத்து விவரம் இருக்கும். ஒரு வெள்ளைத்தாளில் ஆண்டு வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். இவர் அவருக்கு விற்றார், அவர் மகனுக்கு செட்டில்மென்ட் (விலை வாங்காமல் எழுதிக் கொடுப்பது) எழுதினார், மகன் வங்கியில் வைத்தார் என்று ஒரு கதை வரும். எங்கே கதை அறுகிறதோ அங்கேதான் உங்கள் கேள்வி.

நாங்கள் வாங்கிய வீட்டின் ஈசியில், ஒரு வங்கியின் பெயரில் "உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு" என்று ஒரு பதிவு இருந்தது. அதாவது பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே வரவேண்டிய "ரசீது" பதிவு இல்லை. கடன் எப்போதோ முடிந்துவிட்டது, ஒரிஜினலும் விற்பவர் கையில், பாக்கியில்லை என்ற வங்கிக் கடிதமும் இருந்தது. ஆனால் ரசீதைப் பதிவு செய்ய யாரும் மெனக்கெடவில்லை. காகிதத்தின்படி அந்த வீடு இன்னும் அடமானத்தில் இருந்தது. விற்பவரே வங்கிக்கு நடந்து அதைப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் ஒப்பந்தம் போட்டோம். கிளைகள் இணைந்து, மேலாளர்கள் மாறிப்போன பிறகு இந்த வேலை வாரக்கணக்கில் இழுக்கும். நீங்கள் விற்பவரானால், கடன் முடிந்த கையோடு இதைச் செய்துவிடுங்கள். கடன் முடிந்து 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தாமதம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது.

ஈசியில் ஏமாறும் இடங்கள் சில:

சர்வே எண் உட்பிரிவு ஆவதற்கு முன்னால் நடந்த பதிவுகள் தாய் எண்ணில் இருக்கும். 45/2ஏ என்று மட்டும் தேடினால் 45/2-இல் நடந்தது வராது. இரண்டையும் தேடுங்கள்.

கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அப்படியானால் பழைய அலுவலகத்துக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரண்டு ஈசி வேண்டும். பழைய பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

உயில் ஈசியில் வராது. அது வேறு புத்தகத்தில் ஏறுகிறது. பதிவு செய்யாத உயிலோ எங்குமே வராது. பழைய காலத்துப் பவர் பத்திரங்களும் (ஒருவர் சார்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தருபவை) பெரும்பாலும் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் தானாக வராது. இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். "வில்லங்கம் இல்லை" என்றால் பதிவான வில்லங்கம் இல்லை, அவ்வளவுதான்.

3. பத்திரம் எந்த வகை என்று பாருங்கள்

கிரயப் பத்திரம் என்றால் பணம் கொடுத்து வாங்கியது, சிக்கல் குறைவு. மற்றவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

தான செட்டில்மென்ட்: எழுதிக் கொடுத்தவர் தன் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையை நிறுத்தி வைத்திருக்கிறாரா? அப்படியானால் அவர் இருக்கும்வரை மகன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றால் போதாது. அம்மாவோ அப்பாவோ சேர்ந்து போட வேண்டும். பராமரிக்கும் நிபந்தனையோடு எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளை கவனிக்காமல் போனால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி பெற்றோர் அதை ரத்து செய்யக் கேட்கவும் வழியுண்டு. பெரியவர் உயிருடன் இருந்தால் அவரையும் ஒருமுறை பார்த்துப் பேசுங்கள்.

பாகப்பிரிவினை: ஏ, பி, சி என்று ஷெட்யூல்கள் இருக்கும். உங்கள் விற்பவரின் ஷெட்யூலை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். பொதுப்பாதை, பொதுக்கிணறு, மாடிக்குப் போகும் படி இவையெல்லாம் வேறு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.

விடுதலைப் பத்திரம்: பங்கு உள்ள அத்தனை பேரும் விட்டுக்கொடுத்தார்களா, ஒரு ஆள் பாக்கியா?

பவர்: பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றோடு செத்தது. பவர் வாங்கிய ஏஜென்ட் விற்கிறார் என்றால் எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு லைஃப் சர்டிபிகேட் கேளுங்கள். முடிந்தால் அவரோடு வீடியோவிலாவது பேசுங்கள். பவரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு "வீடு என்னுடையது" என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

4. வாரிசுகளை எண்ணுங்கள்

வழக்குகள் அதிகம் பிறப்பது இங்கேதான். அதனால் அவசரப்படாமல் பாருங்கள்.

இந்து ஆண் ஒருவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகிய எல்லோருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, நகை போட்டோமா, சீர் செய்தோமா என்பதெல்லாம் இதில் கணக்கில் வராது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுக்க 2005-லும் சம உரிமை வந்தது. 2005-க்கு முன்பே அப்பா இறந்திருந்தாலும் மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்த்துச் சொன்னது. "தங்கச்சி ஒண்ணும் கேட்க மாட்டா" என்று எந்த அண்ணன் சொன்னாலும், அந்தத் தங்கச்சி கையெழுத்துப் போடட்டும். மற்ற மதத்தவருக்கு வாரிசுரிமைச் சட்டம் வேறு. அதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் மறப்பது தாயின் பங்கை. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா இறந்தபோது பாட்டி இருந்தார். சட்டப்படி அந்த வீட்டில் பாட்டிக்கும் ஒரு பங்கு வந்தது. பிறகு பாட்டியும் போய்விட்டார். அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகிறது, அதாவது அத்தைகளுக்கும் சித்தப்பாவுக்கும். வாங்க வந்தவரின் வக்கீல் இதைச் சரியாகப் பிடித்துவிட்டார். அத்தைகளும் சித்தப்பாவும் எங்களோடு சேர்ந்து கிரயப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பவர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய அத்தை, "எனக்கு இதுல பங்கு இருக்குன்னு உங்கப்பா சொல்லவே இல்லியேடா" என்று சிரித்தார். எல்லா வீட்டிலும் சிரிப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. நீங்கள் விற்பவரானால் விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

வாங்குபவர்கள் இறப்புச் சான்றிதழையும் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரிசுகளில் 18 வயது நிரம்பாதவர் இருந்து, அவர் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் கார்டியன் விற்றிருந்தால், மேஜர் ஆன மூன்று ஆண்டுக்குள் அவர் வந்து கேட்க முடியும்.

5. சொத்து விவரத்தைப் பென்சில் வைத்துப் படியுங்கள்

பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்தை யாரும் படிப்பதில்லை. நீங்கள் வாங்குவதே அந்தப் பத்தியைத்தான்.

அது இப்படி இருக்கும்: "ஆறுமுகம் மனைக்கும் தெற்கு, 20 அடி ரோட்டுக்கும் கிழக்கு, செல்வி வீட்டுக்கும் வடக்கு, 12-ஆம் நம்பர் மனைக்கும் மேற்கு. இதன் மத்தியில் கிழமேல் 30 அடி, தென்வடல் 40 அடி, ஆக 1200 சதுர அடி." இங்கேதான் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆறுமுகம் மனைக்குத் தெற்கு என்றால் உங்கள் மனை தெற்கே இருக்கிறது. ஆறுமுகம் உங்களுக்கு வடக்கே இருக்கிறார். ரோட்டுக்குக் கிழக்கு என்றால் வாசல் மேற்கே பார்த்தது. ஒரு தாளில் நான்கு கோடு போட்டு, பெயர்களை அதன் இடத்தில் எழுதி, அந்தத் தாளோடு வீட்டுக்குப் போய் நில்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாறியிருப்பார்கள், அது பரவாயில்லை. ரோடு வேறு திசையில் இருந்தால் அது வேறு மனை.

நான்கு பக்க அளவையும் டேப் பிடித்துப் பாருங்கள். வடபுறமும் தென்புறமும் ஒரே நீளமா? பத்திரத்தில் 1200, தரையில் 1140 என்றால் எந்த அளவுக்குப் பணம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் சர்வேயரை வைத்து அளப்பது நல்லது. வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எந்த ஒப்பந்தத்தில் என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

ஃபிளாட் என்றால் இதோடு பிரிபடாத பாகத்தைப் பாருங்கள். நிலத்தில் உங்களுக்கு எத்தனை சதுர அடி என்பது பத்திரத்தில் எண்ணாக இருக்க வேண்டும். எல்லா ஃபிளாட்டின் பாகங்களையும் கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டக் கூடாது.

6. பட்டாவும் புலப்படமும்

வருவாய்த்துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா, 'அ' பதிவேடு (நிலம் எந்த வகை என்று சொல்வது), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் கிடைக்கும். நகரப் பகுதியில் நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகல் வரும்.

பரப்பளவு ஹெக்டேர், ஏர்ஸில் இருக்கும். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி. பட்டாவில் 0-02.23 என்று இருந்தால் 223 சதுர மீட்டர். அதாவது 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்தக் கணக்கைப் போட்டுப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள்.

'அ' பதிவேட்டில் ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்) என்று இருந்தால் நல்லது. சர்க்கார் புறம்போக்கு, வாய்க்கால், கோயில் பெயர் என்று ஏதாவது இருந்தால், கையில் எத்தனை பதிவுப் பத்திரம் இருந்தாலும் விலகிவிடுங்கள். வரி ரசீதும் கரண்ட் கனெக்ஷனும் அங்கேயும் கொடுத்திருப்பார்கள். அவை உரிமைக்குச் சான்று ஆகாது. பட்டா கூட, பத்திரச் சங்கிலி இல்லாமல் தனியாக நின்றால் போதாது.

பட்டா விற்பவரின் தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா? கூட்டுப் பட்டாவா? விற்பவர் பெயருக்கு மாற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். "பதிவுக்கு அப்புறம் நீங்களே மாத்திக்கலாம் சார்" என்றால், அந்த அலைச்சலை உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அதற்கு எப்போது தேதி கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

7. அனுமதி

மனைப்பிரிவுக்கு சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மற்ற இடங்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எண் இருக்கிறதா பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்பதை நம்பி வாங்காதீர்கள். அனுமதியில்லாத மனையாக இருந்தால், 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் மனையாகப் பதிவானதா, வரன்முறை செய்த, அதாவது பிறகு முறைப்படுத்திய உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டடத்துக்கு இரண்டு தளம் அனுமதி வாங்கி மூன்று கட்டியிருந்தால், அந்த மூன்றாவதுக்கு வங்கி மதிப்புப் போடாது, நீங்களும் போடாதீர்கள்.

8. ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து மட்டும் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பிரச்சினை வந்தால் அது காலை வாரும். அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். வீட்டு பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: கெடு, பத்திரத்தில் குறை தெரிந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், வரி பாக்கி யார் கட்டுவது, வீட்டை எப்போது காலி செய்து சாவி கொடுப்பது. கெடுவுக்கு மூன்று மாதம் வையுங்கள்; கடன் வாங்குகிறவர்களுக்கு அதற்குக் குறைந்தால் மூச்சு முட்டும். இந்த இடைவெளியில் வக்கீல் மூலம் நாளிதழில் ஒரு பொது அறிவிப்பும் கொடுத்துவிடலாம்.

விற்பவருக்கு ஒரு எச்சரிக்கை: பதிவான ஒப்பந்தம் ஈசியில் ஏறும். பேரம் முறிந்தால் ரத்துப் பத்திரமும் பதிவாக வேண்டும். இல்லையென்றால் அடுத்து வருகிறவர் அதைப் பார்த்தே ஓடிவிடுவார்.

9. செலவு

கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. வழிகாட்டி மதிப்பு (அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் மதிப்பு), நீங்கள் பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கு. 40 லட்சம் என்றால் 2,80,000 மற்றும் 80,000, ஆக 3,60,000 ரூபாய். 10 லட்சம் வரையான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைவு. இது 2025 ஏப்ரலில் வந்தது. ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு விகிதம் வேறு. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் தீர்வை அதிகபட்சம் 40,000, கட்டணம் அதிகபட்சம் 10,000. இவையெல்லாம் அரசாணையில் மாறக் கூடியவை. பதிவுக்குப் போகும் வாரத்தில் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1 விழுக்காடு டிடிஎஸ் (விலையிலிருந்தே பிடிக்கும் வருமான வரி) பிடித்து வாங்குபவர்தான் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம். ஆடிட்டரிடம் போகாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இவை போக வக்கீல், பத்திர எழுத்தர், சர்வேயர், வங்கியின் சட்டக் கருத்து, மதிப்பீட்டுக் கட்டணம். எங்கள் எழுத்தர் கொடுத்த சீட்டில் "ஆபீஸ் செலவு" என்று ஒரு வரி இருந்தது. எதற்கு என்று கேட்டேன். அடுத்த சீட்டில் அந்த வரி இல்லை. கேட்டுப் பாருங்கள்.

10. பதிவு நாளும் அதற்குப் பிறகும்

வரைவை முந்தைய நாளே வாங்கி, பெயர், தந்தை பெயர், சர்வே எண், நான்கு எல்லை, ஆவண எண்கள் எல்லாவற்றையும் இரண்டு பேர் உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் பழைய பத்திரத்தை வாசிக்க, இன்னொருவர் புதியதில் விரல் வைத்து வரட்டும். ஒரு எண் தவறினாலும் பிறகு பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவர் மறுபடி வந்து கையெழுத்துப் போட வேண்டும். பணம் வாங்கியவரை மறுபடி வரவழைப்பது லேசான காரியமில்லை.

டோக்கன் எடுத்த நேரத்துக்கு ஆதார், பான், இரண்டு சாட்சிகள், ஒரிஜினல் பத்திரங்களோடு போங்கள். கைரேகை, புகைப்படம் எல்லாம் அங்கேயே. எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வெளியே வரும்போது எல்லாத் தாய்ப் பத்திரங்களையும், ஒரு பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெற்றுக்கொள்ளுங்கள்.

உட்பிரிவு தேவையில்லாமல், விற்பவர் பெயரிலேயே பட்டா இருந்திருந்தால், பதிவை ஒட்டி உங்கள் பெயருக்குத் தானாக மாறும். சில வாரம் கழித்து இ-சர்வீசஸில் பாருங்கள். மாறவில்லை என்றால் மனு கொடுங்கள். வீட்டு வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு மூன்றுக்கும் தனித்தனியாகப் பெயர் மாற்ற வேண்டும். பதிவான பத்திரத்தின் நகல் எல்லாவற்றுக்கும் கேட்பார்கள் என்பதால் முதலிலேயே ஸ்கேன் செய்து வையுங்கள். டிடிஎஸ் பிடித்திருந்தால், பிடித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் கட்டி, அதற்கான சான்றிதழை விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் ஒரு ஈசி போட்டு, கடைசி வரியில் உங்கள் பெயரும் சர்வே எண்ணும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். தவறு இருந்தால் அந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்துவிடுங்கள்.